விலங்கு பூட்டிய கைகள்

சைகையின் சரித்திரம் – 9

1972-ஆம் ஆண்டு. வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்கென்றே நடந்துவரும் கேலடெட் கல்லூரியில் ஓவிய ஆசிரியையாக இருந்த பெட்டி மில்லர், தன் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். 'மௌன உலகம்' என்று அதற்குப் பெயர். அதே ஆண்டில் அவர் வரைந்த படம் ஒன்று உண்டு. காது கேளாதோரின் கலை வரலாற்றை எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. இரண்டு கைகள். மணிக்கட்டுகளில் போலீஸ் விலங்கு. விரல்கள் வெட்டுண்டு கிடக்கின்றன. 'அமெஸ்லான் தடை செய்யப்பட்டது' என்பது தலைப்பு. அமெரிக்கச் சைகை மொழியை அந்நாளில் சுருக்கமாக அமெஸ்லான் என்றார்கள்.

இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாத ஒரு தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அவர்கள் எல்லோரும் சைகைக்குத் தடை இருந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

சென்ற இதழில் 1880 செப்டம்பரில் நடந்த மிலன் மாநாட்டோடு நிறுத்தியிருந்தோம். காது கேளாத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லித் தருவது என்று தீர்மானிக்கக் கூடிய 164 பேரில் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் என்ற ஒரே ஒருவர். வாயால் பேசப் பழக்குவதும் உதட்டசைவைப் படிக்கப் பழக்குவதுமே உயர்ந்த முறை என்று மாநாடு தீர்மானம் போட்டது. சைகைக்கு வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டது. 1920 வாக்கில் அமெரிக்காவில் காது கேளாத பிள்ளைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் சைகைக்கு இடமில்லாத வகுப்புகளில்தான் படித்தார்கள். கையை அசைத்த பிள்ளையின் கையில் அடி விழுந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்ன பள்ளிகள் உண்டு.

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வது எவ்வளவு பாடு என்பதை ஒரு கண்ணாடி முன் நின்றால் யாரும் தெரிந்துகொள்ளலாம். சத்தம் வராமல் 'படம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'மடம்' என்று சொல்லுங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கல், நகம், சங்கு என்ற சொற்களில் வரும் ககரம்போலத் தொண்டையிலும் நாக்கின் பின்புறத்திலும் பிறக்கிற ஒலிகளோ உதட்டுக்கு வருவதே இல்லை. தெரிவதை வைத்துத் தெரியாததை ஊகித்துக்கொண்டே கணக்கும் சரித்திரமும் பூகோளமும் படிக்க வேண்டும் என்றால் ஒரு பிள்ளை எவ்வளவு படித்துவிடும்?

பெட்டி மில்லரின் தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். வீட்டில் சைகை. பள்ளியில் வாய்ப்பேச்சு. வீட்டில் தாய்மொழியாக இருந்தது வாசலைத் தாண்டினால் குற்றம். அந்தப் படத்தில் இருப்பது இதுதான்.

மனு எழுதினார்கள், தீர்மானம் போட்டார்கள், சங்கம் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எதுவும் அசையவில்லை. கேட்டுப் பெற முடியாததைத் திரையிலும் மேடையிலும் சுவரிலும் செய்து காட்டிப் பெற்ற கதையைத்தான் இந்த இதழில் பார்க்கப்போகிறோம்.

5000 டாலரும் ஒரு கேமராவும்

மிலன் மாநாடு கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், 1880 ஆகஸ்டில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் காது கேளாதோர் தேசியச் சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. 1904 முதல் 1910 வரை அதற்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் வெடிட்ஸ். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. எட்டு வயதில் செங்காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். ஆங்கிலம் மணி மணியாக எழுதுவார், சைகையில் பெரிய பேச்சாளர்.

வெடிட்ஸுக்கு ஒரு பயம் இருந்தது. பள்ளிகளிலிருந்து சைகை போய்விட்டது. அழகாகச் சைகை செய்யத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். எழுத்து வடிவம் இல்லாத மொழி அது. பேசுகிறவர் போனால் மொழியும் போய்விடும். அந்த நேரத்தில்தான் சினிமா வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. வெடிட்ஸ் அதில் ஓர் ஏட்டைப் பார்த்தார். சைகையை, அதன் வேகமும் நெளிவும் முகபாவமும் கெடாமல் பதித்து வைக்கக்கூடிய முதல் கருவி உலகத்தில் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

சங்கம் 5000 டாலர் திரட்டியது. 1910 முதல் சில ஆண்டுகள் சைகையில் வல்லவர்களைக் கூப்பிட்டு வந்து கேமரா முன் நிறுத்தினார்கள். பழைய கதைகள், பள்ளி நினைவுகள், சொற்பொழிவுகள் படமாயின. 1913-இல் வெடிட்ஸே கேமரா முன் நின்றார். 'சைகை மொழியைப் பாதுகாத்தல்' என்று பெயர் வைத்த அந்தப் படத்தில் ஜோடனை எதுவும் கிடையாது. கோட்டு அணிந்த ஒரு மனிதர் நின்று பேசுகிறார். சைகையைப் பிடுங்கிக்கொண்ட கல்வியாளர்களை வேதாகமத்து உவமைகளால் சாடுகிறார். கடவுள் தந்த இந்தக் கொடையைக் கைவிடாதீர்கள் என்று தன் மக்களைக் கேட்டுக்கொள்கிறார். ஒலியே இல்லாத ஊமைப்படக் காலத்தில் எடுத்த அனல் தெறிக்கும் மேடைப் பேச்சு அது. ஊர் ஊராகக் காது கேளாதோர் மன்றங்களில் இந்தச் சுருள்களைத் திரையிட்டார்கள்.

ஆனால் பார்த்தவர்கள் காது கேளாதவர்கள் மட்டுமே. பள்ளிகளை நடத்தியவர்கள் யாரும் அந்த இருட்டு அறைகளுக்கு வரவில்லை.

பூக்களை வரைந்தவர், சிலை வடித்தவர்

அதுவரை காது கேளாத கலைஞர்களே இல்லையா என்று கேட்கலாம். நிறையவே இருந்தார்கள். சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' பார்த்தவர்களுக்கு முதல் காட்சியில் சிலை திறப்பு விழா நினைவிருக்கும். அங்கே சிற்பியாக வருபவர் கிரான்வில் ரெட்மண்ட். நிஜத்தில் அவர் ஓவியர். குழந்தைப் பருவத்திலேயே செவித்திறனை இழந்தவர். கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடக்கும் பாப்பி மலர்களை அவரைப் போல வரைந்தவர் இல்லை என்பார்கள். சாப்ளின் தன் ஸ்டூடியோ வளாகத்திலேயே அவருக்கு ஓவியக்கூடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்.

ரெட்மண்டுக்கு மூத்தவர் டக்ளஸ் டில்டன். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் தொழிலாளர்கள் உடல் வலுவெல்லாம் திரட்டி ஒரு பெரிய எந்திரத்தை இயக்கும் வெண்கலச் சிற்பம் இன்றும் நிற்கிறது. 1901-இல் நிறுவப்பட்டது, 1906 பூகம்பத்தில் சுற்றியிருந்த கட்டடங்கள் விழுந்தபோதும் விழாதது. அதை வடித்தவர் டில்டன்.

இவர்கள் திறமையில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் ரெட்மண்டின் பூக்களைப் பார்த்து அவருக்குக் காது கேளாது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லக் கூடாது என்பதுதான் அந்தக் காலத்து மரியாதை. காது கேளாதவராக இருந்தும் இவ்வளவு சாதித்திருக்கிறாரே என்று பத்திரிகைகள் மெச்சும். அந்த 'இருந்தும்' என்ற மெச்சலோடு விஷயம் முடிந்துவிடும். தன் வகுப்பறையை, தன் மொழியை, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தான் தனித்து உட்கார்ந்திருந்ததை ஓவியமாக்கலாம் என்று அந்தத் தலைமுறையில் பெரும்பாலோர் நினைக்கவில்லை. அதைப் பார்க்கவும் வாங்கவும் ஆள் இருந்ததில்லை.

நெற்றி, மூக்கு, தாடை

நிலைமை மாறத் தொடங்கியதற்கு ஒரு காரணம், 1955-இல் கேலடெட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த வில்லியம் ஸ்டோக்கி. காது கேட்கும் மனிதர், சைகை அரைகுறையாகத் தெரியும். மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தேகம் வந்தது. இது கையால் ஆங்கிலத்தைக் குறிப்புக் காட்டுவது போலத் தெரியவில்லையே. இதற்குத் தனியாக இலக்கணம் இருக்கும் போலிருக்கிறதே.

அவர் கண்டுபிடித்ததை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லிவிடலாம். ஆள்காட்டி விரலை மடக்கியபடி நெற்றியின் குறுக்கே இழுத்தால் அமெரிக்கச் சைகையில் 'கோடைக்காலம்'. அதே விரல், அதே அசைவு, மூக்கின் முன்னால் இழுத்தால் 'அசிங்கம்'. தாடையில் இழுத்தால் 'வறட்சி'. இடம் மாறினால் பொருள் மாறுகிறது. தமிழில் 'கல்' என்பதில் முதல் எழுத்தை மாற்றினால் 'பல்' ஆகிவிடுவது எப்படியோ அப்படி. கையின் வடிவம், இடம், அசைவு என்ற உறுப்புகளால் ஒவ்வொரு சைகையும் கட்டப்படுகிறது என்று ஸ்டோக்கி 1960-இல் எழுதினார். 1965-இல் காது கேளாத ஆய்வாளர்களான டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோன்பெர்க் இருவரோடும் சேர்ந்து அமெரிக்கச் சைகை மொழிக்கு ஓர் அகராதி வெளியிட்டார். காது கேளாதோர் ஒரு நோயாளிக் கூட்டம் அல்லர், பழக்கவழக்கங்களும் மொழியும் கொண்ட ஒரு சமூகம் என்று அந்த அகராதியின் பின்னிணைப்பில் குரோன்பெர்க் எழுதினார்.

கேலடெட்டிலேயே இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் அதிகம். காது கேளாத ஆசிரியர்களும் அதில் உண்டு. எண்பது ஆண்டுகளாக 'உன் சைகை ஊனம்' என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களிடம் ஒருவர் திடீரென்று வந்து 'அது இலக்கணம் உள்ள மொழி' என்றால் நம்புவார்களா? அகராதி நம்ப வைக்காததை மேடை நம்ப வைத்தது.

மேடையில் ஏறிய கைகள்

பிராட்வே நாடகங்களுக்கு அரங்க அமைப்புச் செய்து பெயர் வாங்கிய டேவிட் ஹேஸ், 1967-இல் மத்திய அரசின் நிதி உதவியோடு கனெக்டிகட் மாநிலத்தில் காது கேளாதோர் தேசிய நாடகக் குழுவைத் தொடங்கினார். கூடவே நின்றவர் பெர்னார்ட் பிராக். காது கேளாதவர், பாரிஸுக்குப் போய் மைம் மேதை மார்செல் மார்சோவிடம் பயின்று வந்தவர்.

குழுவின் முறை புதிது. காது கேளாத நடிகர்கள் சைகையில் நடிப்பார்கள். அதே மேடையில் காது கேட்கும் ஓரிரு நடிகர்கள் வசனத்தைப் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளர் ஓரமாக நிற்கும் ஏற்பாடு கிடையாது. குரலும் கையும் ஒரே பாத்திரத்துக்கு உரியவை. சைகையை முன்பின் பார்த்திராத பார்வையாளர்கள் முதல் சில நிமிடங்கள் குரலைத் தேடுவார்கள், பிறகு கண்ணைக் கையிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டே என்பிசி தொலைக்காட்சி இவர்களைப் படம்பிடித்து ஒளிபரப்ப முன்வந்தது. வாய்ப்பேச்சுக் கல்வியை ஆதரித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் சங்கம் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. வாய்ப்பேச்சைப் பழக்க இத்தனை ஆண்டு பட்ட பாட்டையெல்லாம் சைகையைக் காட்டிக் கெடுத்துவிடுவீர்கள் என்பது அவர்கள் கவலை. ஒளிபரப்பு நடந்தே விட்டது. தங்கள் மொழியை முதன்முதலாக வீட்டு வரவேற்பறையில், நாடு முழுவதும் பார்க்கும் பெட்டியில் பார்த்த காது கேளாத குடும்பங்கள் எத்தனையோ.

1971-இல் குழு தன் சொந்த வாழ்க்கையையே நாடகமாக்கியது. 'என் மூன்றாவது கண்' என்று பெயர். அதில் ஒரு சர்க்கஸ் காட்சி. கூண்டில் வைத்துக் காட்டப்படும் விசித்திரப் பிறவிகள் யார் தெரியுமா? காது கேட்பவர்கள்! முகத்தில் உணர்ச்சி காட்டாமல் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கும் இந்த மனிதர்களைப் பாருங்கள் என்று வித்தைக்காரர் காட்டுகிறார். நூறு ஆண்டுகளாகப் பார்க்கப்பட்டவர்கள் அன்று திருப்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குழுவின் தொடக்கக் கால நடிகை பிலிஸ் ஃப்ரெலிக், 'சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்' நாடகத்துக்காக 1980-இல் டோனி விருது பெற்றார். அதே கதை திரைப்படமானபோது 21 வயது மார்லீ மாட்லின் 1987-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கினார்.

நாடகம் பல பேர் சேர்ந்து செய்வது. தனியாக உட்கார்ந்து வரைகிற ஓவியருக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. 1972-இல் பெட்டி மில்லர் சுவரில் மாட்டியபோது அவருக்குப் பின்னால் கூட்டம் எதுவும் இல்லை. 1970களின் நடுவில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் 'ஸ்பெக்ட்ரம்' என்ற அமைப்பின் கீழ்க் காது கேளாத ஓவியர்களும் நடனக்காரர்களும் நாடகக்காரர்களும் கூடினார்கள். சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் நாம் வரைவதில் ஏதோ ஒரு பொதுத்தன்மை இருக்கிறது, அதற்குப் பெயர் இல்லை என்ற பேச்சு அங்கே அடிபட ஆரம்பித்தது.

பூட்டிய வாசல்

1988 மார்ச் 6. கேலடெட் அப்போது பல்கலைக்கழகமாகி இரண்டு ஆண்டுகள். ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் 1864-இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற அந்த நிறுவனத்துக்கு 124 ஆண்டுகளில் காது கேளாதவர் ஒருவர்கூடத் தலைவராக வந்ததில்லை. இறுதிப் பட்டியலில் மூவர் இருந்தார்கள். இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. சைகை தெரியாத எலிசபெத் சின்சர்.

மறுநாள் காலை வளாகத்தின் வாசல்களை மாணவர்கள் பூட்டிவிட்டார்கள். வாரம் முழுக்கப் போராட்டம். 11-ஆம் தேதி சுமார் 2500 பேர் நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார்கள். சின்சர் அதற்குள் விலகியிருந்தார். 13-ஆம் தேதி கிங் ஜோர்டன் தலைவரானார். 21 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் செவித்திறனை இழந்தவர். எட்டே நாளில் மாணவர்கள் வைத்த நான்கு கோரிக்கைகளும் நிறைவேறின. இந்தப் போராட்டத்தைத் தனி இதழில் விரிவாகப் பார்க்கலாம். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். பதவி கிடைத்துவிட்டது, இனி அந்தப் பதவியைக் கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு வந்த முதல் பெரிய பதில் ஒரு கலைத் திருவிழா.

நான்கு நாள், ஒன்பது பேர்

திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 1989 மே மாதம், கேலடெட்டில் ஒன்பது கலைஞர்கள் நான்கு நாள் உட்கார்ந்தார்கள். கூட்டியவர்கள் பெட்டி மில்லரும் சிற்பி பால் ஜான்ஸ்டனும். ஓவியர்கள் சக் பேர்ட், அலெக்ஸ் வில்ஹைட், சிற்பி கை வொண்டர், நூலையும் துணியையும் கொண்டு கலை செய்யும் இருவர், ஒரு வீடியோ கலைஞர், கலை வரலாற்றாசிரியர் டெபோரா சோனன்ஸ்ட்ரால் என்று கலவையான குழு. நான்கு நாள் முடிவில் ஓர் அறிக்கையும் ஒரு பெயரும் பிறந்தன. காது கேளாதோரின் பார்வை, படிமக் கலை என்ற பொருளில் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'டெவியா' என்றார்கள்.

அறிக்கை சின்னது. ஆனால் அதில் ஒரு பாகுபாடு கூர்மையானது. காது கேளாதவர் வரைந்தால் அது டெவியா ஆகிவிடாது. காது கேளாத வாழ்வின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு வரைந்தால்தான் டெவியா. ரெட்மண்டின் பூக்கள் அருமையானவை, ஆனால் இதில் சேரா. அதே போல, காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து சைகையோடு வளர்ந்த காது கேட்கும் பிள்ளை அந்த வாழ்வை வரைந்தால் அதற்கு இதில் இடம் உண்டு. ஆளின் காதைப் பார்க்காமல் படத்தின் பேச்சைப் பார்த்து எல்லை வகுத்தார்கள். பிறப்பையே தகுதியாக வைக்கும் இயக்கங்கள் பல இருந்த காலத்தில் இது பெரிய மனசு.

அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருவனவற்றையும் அறிக்கை குறித்தது: அடர்ந்த, ஒன்றோடொன்று மோதும் வண்ணங்கள், படத்தின் நடுவே குவியும் பார்வை, பெரிதாக்கிக் காட்டப்படும் கண், வாய், காது, கை. சக் பேர்டின் ஓவியங்களில் பொருளும் அதைக் குறிக்கும் சைகையும் ஒன்றாகிவிடும். முதலையை வரைந்தால், முதலைக்கான சைகையைச் செய்யும் இரண்டு கைகளே விரிந்த தாடைகளாக இருக்கும். சைகை தெரியாதவர் அதில் விலங்கைப் பார்ப்பார், தெரிந்தவர் சொல்லையும் சேர்த்து வாசிப்பார்.

வாஷிங்டனில் ஆறு நாள்

1989 ஜூலை 9 முதல் 14 வரை நடந்த அந்தத் திருவிழாவுக்கு 'டெஃப் வே' என்று பெயர். காது கேளாதோர் வழி என்று கொள்ளலாம். 70-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 5000-க்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். பகலில் கருத்தரங்கு, மாலையில் நாடகம், நடனம், மைம், கதை சொல்லல், திரைப்படம், இடையில் ஓவியக் கண்காட்சிகள். கருத்தரங்கின் பொருள்கள் காது கேளாதோரின் வரலாறு, மன்றங்கள், குடும்பம், மொழி, கலை, உரிமை. நூறாண்டுக்கு முன் மிலனில் பேசப்பட்ட பொருள் காதுகள். இங்கே பேசப்பட்டது மக்கள்.

வந்தவர்களுக்குள் பொது மொழி கிடையாது. பிரெஞ்சுச் சைகை வேறு, ஜப்பானியச் சைகை வேறு, அமெரிக்கச் சைகை வேறு. ஆனாலும் காது கேளாதவர்கள் வேறு நாட்டுக்காரரைச் சந்தித்தால் முகத்தாலும் நடிப்பாலும், இருவருக்கும் பொதுவாகத் தெரியும் உருவங்களாலும் சீக்கிரமே ஒரு பாலம் போட்டுக்கொள்வார்கள். வெவ்வேறு நாட்டைச் சேர்ந்த, காது கேட்கும் இருவர் அகராதியைப் புரட்டும் நேரத்தில் அவர்கள் குடும்பக் கதை வரை பேசி முடித்திருப்பார்கள். சின்ன ஊரில் தான் ஒருவர்தான் இப்படி என்று வளர்ந்த ஒருவர், ஒரு நகரத்துத் தெருக்கள் முழுக்கச் சைகை பேசுவதை அங்கே பார்த்தார். ஹோட்டல் ஊழியர்களும் டாக்சிக்காரர்களும் கையால் பேசத் தடுமாறிய அந்த வாரத்தில் ஊனம் யார் பக்கம் என்ற கேள்வியை யாரும் எழுப்பத் தேவையே இருக்கவில்லை.

அதன் பலன் உடனடியாகச் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. ஆனால் வந்தவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பவில்லை. தங்கள் நாட்டிலும் இப்படி ஒரு வரலாறு எழுதலாம், இப்படி ஒரு நாடகக் குழு வைக்கலாம், சைகையைச் சட்டத்தில் ஏற்றச் சொல்லலாம் என்ற எண்ணத்தோடு போனார்கள். 2002 ஜூலையில் அதே நகரில் இரண்டாவது 'டெஃப் வே' நடந்தபோது கூட்டம் முதல் விழாவைவிடப் பெரியது.

பிறகு வந்தவர்கள்

1991-இல் சூசன் டூபோர் வரைந்த 'குடும்ப நாய்' இந்த வழியில் வந்தது. ஒரு வீட்டின் வரவேற்பறை. சோபாவில் குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகங்கள் கலங்கலாக, அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. தரையில், கம்பளத்தின் மேல், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் நாய்போலப் படுத்திருக்கிறாள். அவளுக்குத்தான் காது கேளாது. சோறு போடுகிறார்கள், தலையைத் தடவுகிறார்கள், யாரும் அவளோடு பேசுவதில்லை. வீட்டில் சைகை கற்காத பெற்றோருக்கு ஆயிரம் பக்கம் அறிவுரை எழுதலாம். இந்த ஒரு படம் போதும்.

2001 முதல் சில ஆண்டுகள் 'காது கேளாதார் கண் வழியே வரலாறு' என்ற கண்காட்சி அமெரிக்காவின் 12 நகரங்களைச் சுற்றி வந்தது. பள்ளிப் புகைப்படங்கள், மன்றங்களின் பொருள்கள், பழைய தொலைபேசிக் கருவிகள் என்று வீட்டு அலமாரிகளில் கிடந்தவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வந்தன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த மரபு கொண்டாடிய பள்ளிகளிலேயே இன்னொரு கதவு பூட்டிக் கிடந்தது. கேலடெட் வளாகத்தில் இருந்த கெண்டல் பள்ளி, 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாஷிங்டனின் காது கேளாத கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் பால்டிமோருக்குப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. லூயிஸ் மில்லர் என்ற தாய் வழக்குத் தொடுத்து 1952-இல் வென்றார். பிள்ளைகளைச் சேர்த்தார்கள், ஆனால் தனிக் கட்டடத்தில், தனிப் பிரிவாக. அங்கே படித்த 24 பேருக்குப் பட்டயங்கள் வழங்கிக் கேலடெட் மன்னிப்புக் கேட்டது 2023-இல். தனிப் பள்ளிகளில் வளர்ந்த கறுப்பினத்தாரின் சைகைக்குத் தனி நடையும் தனி அழகும் உண்டு என்பதைக் கலையும் ஆய்வும் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. விலங்கு பூட்டிய கைகளை வரைந்த இயக்கமும் எல்லாக் கைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடவில்லை.

இத்தனையும் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. சைகை ஒரு மொழி என்பதை மொழியியல் 1960-இல் நிறுவியது. அதை நாடு நம்பியது நாடகத்தால். அதைப் பேசுகிறவர்கள் ஒரு மக்கள் என்பதை ஓவியமும் திருவிழாவும் நிறுவின. 1988 மார்ச்சில் வாசலைப் பூட்டிய மாணவர்கள், வெடிட்ஸின் சுருளும் 'என் மூன்றாவது கண்'ணும் மில்லரின் சுவரும் உண்டாக்கிக் கொடுத்த தன்மானத்தில் வளர்ந்தவர்கள். கலையை இயக்கத்துக்கு அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மிலன் தீர்மானம் என்ன ஆயிற்று என்று போன இதழைப் படித்தவர்கள் சிலருக்குக் கேள்வி இருக்கும். 2010 ஜூலையில் கனடாவின் வான்கூவரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, 1880-ஆம் ஆண்டுத் தீர்மானங்களை முறைப்படி நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் ஆயின. அதே 2010-இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் எக்காலத்துக்கும் காக்கப்பட வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் வெடிட்ஸின் 1913-ஆம் ஆண்டுப் படத்தைச் சேர்த்தது.

அடுத்த இதழில், 1976-இல் அமெரிக்காவிலிருந்து பாரிஸுக்குப் போன ஆல்ஃபிரெடோ கொராடோ என்ற காது கேளாத கலைஞரும், வான்சென் கோட்டையில் தொடங்கிய ஒரு நாடகக் குழு பிரான்ஸை எழுப்பிய கதையும்.

(தொடரும்)